கண்ணைச் சுருக்கிப் பார்த்துத் துணி எடுங்கள்

(போர்ட் பிளேரில் தையல் தெரிந்த தமிழ்ப் பெண்களும் துணி வணிகர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தையல் மெஷினில் உட்கார்ந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்களும், அபர்டீன் பஜாரில் துணிக்கடை நடத்தும் பெரியவர்களும் ஒரே கூடத்தில் இருக்கிறீர்கள். இன்றைய பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான அவை எனக்குக் கிடைக்காது. பார்ஜெல்லோ என்ற ஒட்டுப்போர்வைக்குத் துணி எடுப்பது எப்படி என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள். தைக்கும் முறையையும் வேண்டிய அளவுக்குச் சொல்கிறேன். ஆனால் இந்தப் போர்வையில் பாதி வேலை துணிக்கடையிலேயே முடிந்துவிடுகிறது. நேர்த்தையலைத் தவிர வேறு தையலே இதில் கிடையாது. தலையணை உறை தைக்கத் தெரிந்தவர் இதைத் தைத்துவிடலாம். துணியைத் தப்பாக எடுத்துவிட்டாலோ, எத்தனை சுத்தமாகத் தைத்தாலும் போர்வை எழுந்து நிற்காது.

பார்ஜெல்லோவைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அலை தெரியும். ஏறி, உச்சியில் வளைந்து, சரிந்து, மறுபடி ஏறும் வண்ண அலைகள். கிட்டே போனால் ஒரு வளைவும் இருக்காது. எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள், நான்கு பக்கமும் நேர்கோடு. வளைத்து வெட்டிய துண்டு ஒன்றுகூட இல்லாத துணியில் வளைவு எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் துணி எடுக்கவும் தெரிந்துவிடும்.

20 துணிகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டரை அங்குல அகலத்தில் ஒரு நீளப் பட்டை வெட்டுகிறோம். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறம் வரை வரிசை தப்பாமல் அவற்றை நீளவாக்கில் ஒன்றோடொன்று தைக்கிறோம். இரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் ஒவ்வொரு பட்டையும் 2 அங்குலம் நிற்கும். இப்போது கையில் இருப்பது அகலக் கோடு போட்ட ஒரு துணி. அதன் முதல் பட்டையையும் கடைசிப் பட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டால் தேரில் தொங்கும் தொம்பை போல உருண்டையாகிவிடும். அந்தத் தொம்பையைக் குறுக்கே வளையம் வளையமாக வெட்ட வேண்டும். எல்லா வளையமும் ஒரே அகலம் இல்லை. 3 அங்குலத்தில் தொடங்கி இரண்டரை, 2, ஒன்றரை, 1, முக்கால் என்று ஒடுங்கி, திரும்ப அதே வரிசையில் அகலும். ஒவ்வொரு வளையத்திலும் ஒரே ஒரு தையலைப் பிரித்தால் அது நீண்ட பட்டையாக விரிந்துவிடும். முதல் வளையத்தை ஒன்றாம் துணிக்கு மேலே பிரித்தால், அடுத்ததை இரண்டாம் துணிக்கு மேலே பிரிக்கிறோம். அதனால் அந்தப் பட்டையில் எல்லா நிறமும் ஒரு படி மேலே ஏறி நிற்கும். பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் நிறங்கள் படிப்படியாக ஏறுகின்றன. அகலப் பட்டைகள் வரும் இடத்தில் ஏற்றம் மெதுவாகி உச்சி உருளும். ஒடுங்கிய பட்டைகள் வரும் இடத்தில் செங்குத்தாகும்.

அந்தப் படிகளை வளைவாக மாற்றுவது பார்ப்பவரின் கண். ஒரு நிறம் பக்கத்துப் பட்டையில் கொஞ்சம் ஏறி நின்றால், கண் அதைத் தொடர்ந்து கொண்டு போகிறது. அதற்கு மேலும் கீழும் இருக்கும் நிறங்கள் ஒழுங்கான வரிசையில் இருந்தால்தான் கண்ணுக்கு அந்தப் பிடி கிடைக்கும். வரிசை கலைந்துவிட்டால் வெறும் கட்டங்கள்தான் மிஞ்சும்.

பெயரைப் பற்றிச் சிலர் கேட்டீர்கள். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் பார்ஜெல்லோ என்று ஒரு பழைய கல் மாளிகை இருக்கிறது. கட்டத் தொடங்கியது 1255-இல். நெடுங்காலம் அது சிறைச்சாலை. மரண தண்டனைகள் அங்கேயே நிறைவேறின. டஸ்கனி நாடு 1786-இல் மரண தண்டனையையே ஒழித்த பிறகுதான் அது நின்றது. 1865-இல் சிறை அருங்காட்சியகமாயிற்று. அங்கே உள்ள 17-ஆம் நூற்றாண்டு நாற்காலிகளின் இருக்கைத் துணியில், தீச்சுடர் வடிவில் ஏறி இறங்கும் நூல் வேலைப்பாடு உண்டு. மாளிகையின் பெயர் அந்த வேலைப்பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. 1906-இல் கட்டி முடித்து, 1979-இல் தேசிய நினைவுச் சின்னமான செல்லுலார் சிறையின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நூல் வேலைப்பாட்டைத் துணிப் பட்டைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கத் தையல்காரப் பெண்கள். 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துணியை அடுக்கி வைத்து நேராக, வேகமாகப் பட்டை வெட்ட அந்த உருளும் கத்தி வழிசெய்தது; பார்ஜெல்லோ பரவுவதற்கு அது பெரிய உதவி. மார்ஜ் ஈடி என்பவர் 1994-இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்.

வெளிநாட்டுக் கலை, நமக்கு எதற்கு என்று ஒதுங்க வேண்டாம். மசூலிப்பட்டினம், பழவேற்காடு என்று சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணி ஐரோப்பாவைப் பைத்தியமாக்கிய காலம் ஒன்று இருந்தது. உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று பயந்து பிரான்ஸ் 1686-இல் தடை போட்டது. இங்கிலாந்து 1701-இல் இறக்குமதியைத் தடுத்தது. 1721-இல் உடுத்துவதையே தடுத்துச் சட்டம் போட்டது. தடைக்கு நடுவிலும் மக்கள் கிடைத்த துண்டுகளைச் சேர்த்து வைத்துத் தைத்தார்கள். இங்கிலாந்தின் லெவன்ஸ் ஹால் மாளிகையில் 1708 வாக்கில் இந்தியச் சீட்டித் துண்டுகளால் தைத்த படுக்கைப் போர்வை இன்னும் இருக்கிறது. அந்த நாட்டில் மிஞ்சியிருக்கும் ஒட்டுப்போர்வைகளில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. நம் கரையில் சாயம் தோய்த்த துணிதான் அங்கே பொக்கிஷம். நாம் நம் துணியில் இதைச் செய்யத் தயங்குவதற்குக் காரணமே இல்லை.

இனி கடைக்குப் போவோம்.

நிறத்துக்குப் பெயர் வைப்பதில் நம்மைப் போல வேறு யாரும் இல்லை. கிளிப்பச்சை, ராமர் பச்சை, மயில் கழுத்து, வாடாமல்லி, கத்திரிப்பூ, மாந்துளிர், வெங்காயச் சருகு, பாக்கு, அரக்கு, ஆனந்தா நீலம், எம்.எஸ். புளூ. இத்தனை பெயரும் நிறம் எந்தக் குடும்பம் என்று சொல்கின்றன. பார்ஜெல்லோவுக்கு வேண்டியது அதற்கு அடுத்த கேள்வி: அது எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்? ஜாக்கெட் துணி எடுக்கும்போது, "இது லைட்டா இருக்கு, இன்னும் ஒரு பிடி டார்க்கா குடுங்க" என்று கேட்கிறீர்களே, அந்த ஒரு பிடிதான் இந்தப் போர்வையின் உயிர்.

அரக்குச் சிவப்பையும் பாட்டில் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றுக்கொன்று எதிரான நிறங்கள். சேலைக்கும் கரைக்கும் அருமையான பொருத்தம். அதையே கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அடர்த்தியில் இரண்டும் ஒரே படி. வரிசையில் அடுத்தடுத்து வைத்தால் அங்கே அலை நின்றுபோகும். கைபேசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். நிறம் மங்கி, வெளிர் எது அடர் எது என்பது மட்டும் மிஞ்சும். பரிசுப் பொருள் சுற்றுகிற சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்ப்பது இன்னொரு வழி. சிவப்புக் குடும்பத் துணிகளை மட்டும் அந்தத் தாள் ஏமாற்றிக் காட்டும். அவற்றுக்குப் பச்சைத் தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

20 துணியையும் தரையில் விரித்து, ஒன்றின் மேல் ஒன்று 2 அங்குலம் தெரிகிற மாதிரி அடுக்கி, எட்டு அடி தள்ளி நின்று பாருங்கள். படிகள் ஒரே சீராக இறங்க வேண்டும். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் சட்டென்று ஒரு பள்ளம் தெரிந்தால் அங்கே இன்னொரு துணி தேட வேண்டும். இரண்டு துணிகள் பிரித்தறிய முடியாமல் ஒட்டிக்கொண்டால் ஒன்றை எடுத்துவிட வேண்டும், அது எவ்வளவு பிடித்த துணியாக இருந்தாலும். பிடித்த துணி என்பதில்தான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். வேறு ஒட்டுப்போர்வைகளில் மனசுக்குப் பிடித்த ஒன்றை நடுவில் வைத்து மற்றதைச் சுற்றிக் கட்டலாம். பார்ஜெல்லோவில் ஒவ்வொரு துணியும் ஒவ்வொரு பட்டையிலும் வந்தே தீரும். எதையும் முன்னால் நிறுத்தவும் முடியாது, மூலையில் ஒளிக்கவும் முடியாது.

தொம்பையாகச் சேர்க்கும்போது முதல் துணியும் கடைசித் துணியும் சந்திக்கின்றன அல்லவா? வரிசை வெளிரிலிருந்து அடருக்குப் போய் அங்கேயே முடிந்தால், மிக வெளிரும் மிக அடரும் முட்டிக்கொண்டு அலைக்கு ஒரு கூரான விளிம்பு கிடைக்கும். வெளிர், அடர், மறுபடி வெளிர் என்று சுற்றி வந்தால் விளிம்பே இல்லாமல் நிறம் உருகி ஓடும். இரண்டாவது வகையை மிக அழகு என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் முதல் கட்சி. ஓர் இடத்திலாவது கண்ணுக்குக் கத்தி வைத்தது போன்ற கோடு வேண்டும்; இல்லையென்றால் பார்க்கிறவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது.

அடுத்தது பிரிண்ட். எல்லாமே பிளைன் துணியாக எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். எடுக்கலாம், ஆனால் படிகள் பளிச்சென்று தெரியும், அலை கொஞ்சம் மரப்பாக இருக்கும். பிரிண்டின் வேலை இணைப்பை மறைப்பது. ஐந்தாவது துணியின் பொடிப் பூவில் ஆறாவது துணியின் நிறம் ஒரு துளி இருந்தால், இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று கண் தேடும். அந்தத் தேடலில்தான் வளைவு பிறக்கிறது. ஆகவே தன் நிறத்திலேயே கொஞ்சம் கூடக் குறையப் பொடிப் பூ, கொடி, புள்ளி போட்ட துணி முதல் தரம். தள்ளி நின்றால் பிளைனாகத் தெரிய வேண்டும், கிட்டே வந்தால்தான் பூ தெரிய வேண்டும்.

இதைக் கடையில் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து, நடுவில் 2 அங்குலச் சதுரமாக ஓட்டை வெட்டுங்கள். அதன் பக்கத்திலேயே 2 அங்குல உயரம், கால் அங்குல அகலத்தில் ஒரு கீற்று. முக்கால் அங்குலத்தில் வெட்டிய பட்டை தைத்தபின் அவ்வளவுதான் தெரியும். இந்த அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். துணியின் மேல் வைத்து அங்கும் இங்கும் நகர்த்துங்கள். ஓட்டைக்குள் தெரிவது ஓர் இடத்தில் வெள்ளையாக, இன்னோர் இடத்தில் சிவப்பாக, வேறோர் இடத்தில் கறுப்பாக மாறினால் அந்தத் துணியைக் கீழே வைத்துவிடுங்கள். எங்கே நகர்த்தினாலும் ஒரே மாதிரி தெரிந்தால் வெட்டச் சொல்லுங்கள்.

இந்த அட்டையை வைத்தால் நம் துணிகள் பலவற்றுக்கும் தீர்ப்புக் கிடைத்துவிடும். மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிர மக்கள் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்து எடுத்த புள்ளிச் சேலை. புள்ளி பொடியாகவும் நெருக்கமாகவும் இருக்கும் சுங்குடி பார்ஜெல்லோவுக்கென்றே பிறந்தது போல அமையும். அடர் நீலத்தில் வெள்ளைப் புள்ளி என்றால் அந்தத் துணி ஒரு படி வெளிறித் தெரியும் என்பதை மட்டும் கணக்கில் வைத்து, வரிசையில் ஒரு படி மேலே போடுங்கள். புள்ளி பெரிதாகி இடைவெளியும் கூடினால் வேண்டாம். 2019-இல் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கண்டாங்கி எனக்கு மிகவும் பிடித்த சேலை. உடுத்துங்கள், இதில் வெட்டாதீர்கள். அகலக் கட்டம் போட்ட துணி பட்டைக்குப் பட்டை வேறு நிறமாகத் தெரியும். மெட்ராஸ் செக்ஸும் அப்படித்தான். அதோடு கட்டத்தின் கோடு, வெட்டு நூல் அளவு சாய்ந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். கலம்காரியில் பெரிய மயிலும் மரமும் போட்டது ஆகாது. பொடிக் கொடி ஆகும். வெள்ளைத் தரையில் பூப்போட்ட ஜெய்ப்பூர் துணிகள் எவ்வளவு வண்ணப் பூ இருந்தாலும் வெள்ளையாகவே தெரியும். அவற்றை வெளிர் முனையில் ஒன்றிரண்டு வைக்கலாம், நடுவில் கூடாது. பாத்திக் நல்ல துணி. சாயம் இரு பக்கமும் ஊறியிருப்பதால் புறம் எது, உள் எது என்ற தொல்லையே இல்லை. ஜரிகை வேண்டவே வேண்டாம். இஸ்திரிப் பெட்டி பட்டால் இன்றைய ஜரிகை சுருங்கும், இந்தப் போர்வைக்கோ ஒவ்வொரு தையலுக்கும் இஸ்திரி வேண்டும்.

பிளைன் துணிக்கு நம்மிடம் இருக்கும் பொக்கிஷத்தைச் சொல்ல மறக்கக் கூடாது. மேட்சிங் சென்டரில் சுவர் முழுக்க அடுக்கியிருக்கும் டூ பை டூ ரூபியா! ஒரே பச்சையில் எத்தனை படிகள்! வெளிநாட்டில் குவில்ட் தைப்பவர்கள் தேடித் தேடி வாங்கும் வண்ண வரிசை நமக்கு ஜாக்கெட் துணியாகக் கிடைக்கிறது. பிரிண்டுகளுக்கு நடுவில் பள்ளம் விழுந்த இடத்தை நிரப்ப இதைவிட நல்லது இல்லை. வாங்கும்போது ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தியானால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி மணி போல இறுகும். கலப்புத் துணி பருத்தியோடு சேர்ந்து மடியாது. கைத்தறியிலும் கதரிலும் நெருக்கமான நெசவாகப் பார்த்து எடுங்கள். தளர்ந்த நெசவை முக்கால் அங்குலத்தில் வெட்டினால் தைப்பதற்கு முன்பே பாதி உதிர்ந்துவிடும்.

எந்த நிறங்களை எடுப்பது? தீவில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்கலாமா! வண்டூரிலிருந்து ஜாலி பாய்க்குப் படகில் போனவர்கள் கையைத் தூக்குங்கள். கரையோரம் பவள மணலின் வெண்மை, அதன் மேல் ஓரடித் தண்ணீரில் எலுமிச்சைப் பச்சை கலந்த நீர்நிறம், பிறகு பளிங்கு நீலம், பிறகு மயில் கழுத்து, பாறை விளிம்பைத் தாண்டியதும் மைநீலம். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுகிறது, நீலம்தான் ஆழம் வரை போகிறது. அதனால்தான் ஆழம் கூடக் கூட நிறம் இப்படிப் படிப்படியாக இறங்குகிறது. படகோட்டிகள் இந்த நிறத்தைப் பார்த்தே ஆழத்தைச் சொல்லிவிடுவார்கள். 20 துணிக்கான வரிசை இதிலேயே இருக்கிறது. ஓர் எச்சரிக்கை மட்டும். எலுமிச்சைப் பச்சையும் வெளிர் நீலமும் கடலில் தனித்தனியாகத் தெரியும், துணியில் அடர்த்தி ஒன்றாகிவிடும். அந்த இடத்தில் அட்டையையும் கறுப்பு வெள்ளைப் படத்தையும் நம்புங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள்.

பவளப்பாறையை எடுத்துக்கொள்ள நினைப்பவர்கள் உடனே ரோஜா நிறத்துக்குப் போகிறார்கள். உயிருள்ள பவளப்பாறை பெரும்பாலும் பழுப்பும் கடுகு மஞ்சளும் ஆலிவ் பச்சையும்தான். பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசி கொடுக்கும் நிறம் அது. 2010 கோடையில் இந்தக் கடல் சூடேறியபோது அந்தப் பாசியை இழந்து அந்தமான் பவளங்கள் பரவலாக வெளுத்தன. பழுப்பிலிருந்து கடுகு, கடுகிலிருந்து தந்தம், தந்தத்திலிருந்து வெள்ளை என்று ஒரு வரிசை வைத்து யாராவது தைத்தால், அது 2010-இல் இந்தத் தீவுகளுக்கு என்ன நடந்தது என்று சொல்லும் போர்வையாக இருக்கும். உங்களில் ஒருவர் அதைத் தைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பாதாக் மரத்தின் சிவப்பும் இருக்கிறது. புதிதாக அறுத்த பலகையில் செங்காவியிலிருந்து அரக்கு வரை எத்தனை ரேகைகள்! அதை முழு வரிசையாகவும் தைக்கலாம். கடல் வரிசையில் ஒரே ஒரு பட்டையாகவும் சேர்க்கலாம். அப்படிச் சேர்ப்பதானால் மிக அடர்ந்த மைநீலத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். அங்கே அது மெல்லிய தீக்கோடாக ஓடும். நடுவில் வைத்தால் அலையை இரண்டாக வெட்டிவிடும். இந்த ஒரு பட்டையை மட்டும் மற்றவற்றில் பாதி அகலத்தில் தைப்பது என் வழக்கம்.

இனி, தீவுக்கென்று உள்ள சங்கடங்கள். சென்னையிலிருந்து சரக்கும் ஆளும் வந்து சேரக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அதே பிரிண்ட் அடுத்த கப்பலில் வரும் என்று எண்ண முடியாது. வந்தாலும் வேறு சாயத் தொட்டியில் தோய்த்ததாக இருக்கும், அரைப் படி மாறிப்போகும். ஆகவே ஒரே தடவையில் முழு அளவும் எடுத்துவிடுங்கள். கணக்கு இதுதான். 60 அங்குல அகலம், 80 அங்குல நீளத்தில் ஒரு போர்வைக்கு, 20 துணி வரிசை இரண்டு முறை வர வேண்டும். 36 அங்குலப் பன்னாவில் ஒவ்வொரு துணியிலும் இரண்டரை அங்குலப் பட்டை 6 தேவை, அதாவது 15 அங்குலம். அரை மீட்டர் எடுத்தால் சுருக்கத்துக்கும் ஓரம் சீவுவதற்கும் சரியாக இருக்கும். கைத்தறியானால் முக்கால் மீட்டராக எடுங்கள், அது கூடுதலாகச் சுருங்கும்.

வெட்டுவதற்கு முன் எல்லாத் துணியையும் துவைத்தே ஆக வேண்டும். ஒரு கறுநீலம் சாயம் விட்டால் பக்கத்தில் இருக்கும் வெளிர் துணிகள் எல்லாம் போச்சு, வருஷத்து உழைப்பும் போச்சு. கல்லுப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம்புகிறோம். சாயம் தோய்க்கும்போது உப்பு உதவும். தோய்த்த பின் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது பிடித்து வைக்காது. தண்ணீர் தெளியும் வரை அலசுவதுதான் வழி. பிறகு ஈரத் துணியை வெள்ளைத் துண்டின் மேல் வைத்து இஸ்திரி போட்டுப் பாருங்கள். துண்டில் கறை ஏறினால் அந்தத் துணிக்கு இந்தப் போர்வையில் இடம் இல்லை. அலசத் தண்ணீர் வேண்டும், உலர்த்த வெயில் வேண்டும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, மே முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அப்போது துணி காயாது. கோடை முற்றினால் தனிக்காரி அணை வற்றி, குழாயில் தண்ணீர் வருவதே விட்டு விட்டுத்தான். இரண்டும் ஒத்துவருவது ஜனவரி மாதம். துணியைச் சேர்ப்பது எப்போதானாலும் சரி, துவைப்பதை ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒடுங்கிய பட்டை வெட்டும்போது கஞ்சி போட்ட துணி விறைப்பாக நின்று கைக்கு அடங்கும். போடுங்கள். ஆனால் போர்வை முடிந்ததும் கஞ்சி போகும் வரை அலசிவிடுங்கள். இந்த ஈரக் காற்றில் கஞ்சித் துணியில் பூசணம் பிடிக்கும், பூச்சியும் அரிக்கும்.

உள்ளே என்ன வைப்பது? பார்ஜெல்லோவில் தையல் மடிப்புகள் மிக நெருக்கம். மேல்துணியே கனத்துவிடும். 23 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்காத ஊரில் கனமான பஞ்சு எதற்கு? இலவம் பஞ்சு ஓரிடத்தில் நில்லாது, திரண்டுவிடும். இதற்கான விடை ரங்கத்திலும் மாயாபந்தரிலும் திக்லிபூரிலும் நீல் தீவிலும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. 1949 முதல் கிழக்கு வங்கத்திலிருந்து இங்கே குடியமர்த்தப்பட்ட அகதிக் குடும்பங்களின் மரபு காந்தா. பழைய பருத்திச் சேலைகளை அடுக்கி, அந்தச் சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலால் முழுதும் கோத்துவிடுவார்கள். மெல்லியது, துவைத்தால் காயும், அடுக்குகள் நகராது. மேலே பார்ஜெல்லோ, நடுவில் ஒரு பழைய மல் வேட்டியோ நூல் சேலையோ, அடியில் ஒரு பிளைன் துணி, மூன்றையும் காந்தா ஓட்டுத் தையலில் கோத்தால் இந்தத் தீவுக்கு ஏற்ற போர்வை கிடைக்கும். பக்கத்து வீட்டு வங்காள அக்காவிடம் ஒரு மாலை உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அலையின் போக்கிலேயே தையலை ஓட்டச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் கை அதற்குப் பழகிய கை.

கடைசியாகத் துணிக்கடைப் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்தப் பெண்கள் நாளை உங்கள் கடைக்கு வந்து 20 நிறத்தில் அரை அரை மீட்டர் கேட்பார்கள். முழு ஜாக்கெட் அளவு எடுத்தால்தான் வெட்டுவோம் என்று சொல்லாதீர்கள். குழல் விளக்கு வெளிச்சத்தில் நிறத்தின் படி தெரியாது. துணிக் கட்டைக் கடை வாசல் வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பார்க்க விடுங்கள். ஒரு நூலை உருவி எரித்துப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கலப்புத் துணியைக் கலப்பு என்றே சொல்லி விற்றுவிடுங்கள். ஒரு போர்வைக்கு 10 மீட்டர் துணி, அடித்துணியும் சேர்த்தால் அதற்கும் மேல். இரண்டு சேலைக்கு மேலான வியாபாரம் அது.